எப்பங்க கொதிக்குது?

சேலம், நாமக்கல் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமும் "வண்டி கொதிச்சிருச்சு" என்று சொல்லிப் பாருங்கள். வேறு விளக்கம் கேட்க மாட்டார்கள். சாலையோரப் புளியமரம், தூக்கி நிறுத்திய பானெட், உள்ளேயிருந்து கிளம்பும் ஆவி, குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடும் டிரைவர், இறங்கி நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யோசனை சொல்லும் பெரியவர்கள். இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக அந்தக் காட்சி குறைந்துகொண்டே வந்து, இப்போது அபூர்வமாகிவிட்டது.

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் கிடைத்தது. நண்பர் ஒருவரின் பேரன், கொட்டகையில் கிடந்த குடும்பத்துப் பழைய காரை ஓட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஓடியது. ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் முள் சிவப்புக்குப் போய்விடும். ரேடியேட்டரை மாற்றினான், வாட்டர் பம்பை மாற்றினான், ஓஸ்களை மாற்றினான். கணிசமாகச் செலவழித்த பிறகும் கொதித்தது. "தாத்தா காலத்துல இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று என்னிடம் கேட்டான். நான் மெக்கானிக் இல்லை. வேலையில் இருந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு தடவை ராசிபுரம் வழியாக நாமக்கல் போய்வந்தவன்; கொதித்த வண்டிகளின் அருகில் நின்று வேடிக்கை பார்த்த அனுபவம் நிறைய உண்டு. அந்த வேடிக்கையில் தெரிந்துகொண்டதுதான் இது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். 1908-இல் வந்த போர்டு மாடல் டி வண்டியில், முதலில் செய்த சில ஆயிரத்தைத் தவிர, தண்ணீரைத் தள்ள பம்பே கிடையாது. சுட்ட தண்ணீர் இலேசாகி மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை நம்பியே வண்டி ஓடியது. நம் வீட்டு வெந்நீர் அண்டாவில் நடப்பதுதான். தண்ணீர் மட்டம் மேல் ஓஸுக்குக் கீழே இறங்கினால் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே நின்று நின்று தண்ணீர் ஊற்றுவது அந்த வண்டிகளுக்குக் கோளாறு ஆகாது, அன்றாடப் பழக்கம். 1926-இல் போர்டும் 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவிலேயே கம்பெனி வைத்து வண்டிகளைப் பூட்டத் தொடங்கின. அதன் பிறகு போர்டும் செவர்லேயும் நம் ஊர்ச் சாலைகளில் பெருகின. டிரைவருக்குப் பக்கத்தில் தண்ணீர் டின் வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தது.

இரண்டாம் உலகப்போர் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் ஏற்பட்டபோது கரிவாயு பஸ்கள் ஓடின. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலங்களைச் செய்து விற்றது. பஸ்ஸின் பின்னால் ஒரு உருளைக் கலம், அதில் மரக்கரி, கீழே நெருப்பு. அந்த வாயுவில் எஞ்சினின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். மேட்டைக் கண்டால் கியரை இறக்க வேண்டும்; எஞ்சின் வேகமாகச் சுழலும், வண்டி நடை வேகத்தில் ஊரும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அந்தக் கால பஸ்கள் ஏற்றத்தில் கொதித்தன என்று என் தகப்பனார் தலைமுறை சொல்லக் கேட்டால் காரணம் இதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் சாலைகளை ஆண்டவை மூன்று கார்கள். உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பியட் 1100 (1974 முதல் பத்மினி என்று பெயர்), 1961-இல் நம் சென்னையிலேயே வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதில் மெக்கானிக்குகள் மறக்காத வேறுபாடு ஒன்று உண்டு. அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. பியட்டின் ஹெட் அலுமினியம். இரண்டும் கொதிக்கலாம்; ஆனால் கொதித்த பிறகும் "இன்னும் நாலு மைல்தானே" என்று ஓட்டினால், அலுமினிய ஹெட் சீக்கிரம் வளைந்துகொள்ளும். பிறகு ஹெட்டைக் கழற்றி, லேத்துக்குக் கொண்டுபோய் பேஸிங் போட்டு, புது கேஸ்கட் வைக்க வேண்டும். ஒரு காரை வைத்து டாக்சி ஓட்டிப் பிழைத்தவருக்கு அது ஒரு சீசன் வருமானம். கல்யாண முகூர்த்த மாதத்தில் நேர்ந்தால் கடன்தான். ஆகவே 'எதனால் கொதிக்கிறது' என்ற கேள்விக்குத் தப்பான பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் இரண்டாம் தடவை யாரும் போக மாட்டார்கள்.

இனி நம் மண்ணின் பங்கு. சேலத்தில் சுரமங்கலம் தாண்டி கருப்பூர் பக்கம் போனவர்கள் வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கல் என்போம், மாக்னசைட். உருக்காலை உலைகளின் உள்சுவருக்கு வேண்டிய செங்கல் இதில்தான் செய்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தக் குன்றுகளுக்குச் 'சாக்கு மலை' என்று சுண்ணாம்புப் பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட பூமிக்குள் ஊறி வரும் தண்ணீரில் மக்னீசியமும் சுண்ணாம்பும் கரைந்திருக்காமல் எப்படி இருக்கும்? சோப்பு நுரைக்காத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர். காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் இருந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் மேட்டுப் பக்கம் உப்புத்தண்ணி.

அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் அண்டாவின் உள்பக்கம் வெள்ளைப் படலம் கட்டும். ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கும். அதன் குழாய்கள் தட்டையாக, குறுகலாக இருக்கும். படலம் கட்டக் கட்டத் தண்ணீர் போகும் வழி சுருங்கும். மேலும் அந்தப் படலம் சூட்டைக் கடத்தாது, போர்வை மாதிரி. இதில் கொடுமை என்னவென்றால், வண்டி கொதித்தால் டிரைவர் ஓடிப்போய் கொண்டுவருவது அதே கிணற்றுத் தண்ணீர். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் புதிதாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. அதாவது, கொதிப்புக்குச் செய்த முதலுதவியே அடுத்த கொதிப்புக்கு வித்து. எழுபதுகளுக்குப் பிறகு கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது பல இடங்களில் தண்ணீர் இன்னும் கடினமானது. அந்த ஆழ்துளை போடும் ரிக் லாரிகளுக்கு இந்தியா முழுக்கப் பெயர்போன ஊர் நம் திருச்செங்கோடு என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

லாரித் தொழில் பெருகிய ஊர்களாதலால், சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் சிறு கடைகள் தனியாக இருந்தன. ஊதுவிளக்கால் ஈயத்தை உருக்கி மேல் தொட்டியைக் கழற்றுவார்கள். பிறகு தட்டையான எஃகுப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டு மெதுவாக இழுப்பார்கள். அதிலிருந்து கொட்டும் பொடியைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையும் துருச் சிவப்புமாக, ஒரு ரேடியேட்டரில் ஒரு கை நிறைய வரும். பிறகு மறுபடி ஈயம் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று அடித்து, குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் ரேடியேட்டர் கடைக்கு அனுப்ப மாட்டார். லீ பஜார் பக்கம் ஒருவர் இருந்தார். வண்டி வந்து நின்றால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரே கேள்வி கேட்பார்: "எப்பங்க கொதிக்குது? நின்னா கொதிக்குதா, ஓடுனா கொதிக்குதா, ஏறுனா கொதிக்குதா?"

அந்தக் கேள்விக்குள் பாதி நோய் தெரிந்துவிடும். ரயில்வே கேட்டில் நிற்கும்போது சூடேறி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. பேன் பெல்ட் தொளதொளவென்று இருக்கலாம். ரேடியேட்டரின் முன்பக்கம் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கலாம். "நாமக்கல் ரோட்டுல கோழி வண்டிக்குப் பின்னால வந்தீங்களா சார், எறகா அடைச்சிருக்குது" என்று ஒருமுறை பிடுங்கிக் காட்டினார். நிற்கும்போது சரியாக இருந்து, வேகமெடுத்தால் கொதிக்கிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் தடை. கிளப்பிய ஐந்து நிமிடத்தில் கொதிக்கிறது என்றால் தண்ணீரே இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது. அம்பாசடரில் டைனமோ விளக்கும் எரிந்து, முள்ளும் ஏறினால் யோசிக்கவே வேண்டாம்: டைனமோவையும் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட், அது அறுந்துவிட்டது.

அடுத்தது கை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவுவார். சூடு படிப்படியாகக் குறைந்து வந்தால் நல்லது. நடுவில் திடீரென்று ஒரு இடம் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. மேல் ஓஸ் கொதிக்க, கீழ் ஓஸ் குளிர்ந்து கிடந்தால் ஓட்டமே இல்லை. எஞ்சினை உறுமவிட்டுக் கீழ் ஓஸைப் பார்ப்பார். ரப்பர் ஊறிப்போன ஓஸ் பம்பின் இழுப்பில் உள்ளே சப்பிக்கொள்ளும். நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஓடினால் மட்டும் கழுத்தை நெரித்துக்கொள்ளும். இந்தக் கோளாறை மணிக்கணக்காகத் தேடியவர்கள் உண்டு.

பிறகு கண். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, கிளப்பச் சொல்வார். விடாமல் குமிழ் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் போய், எரியும் வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது. (சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. சாக்கு போட்டுத் திறக்கலாம் என்ற தைரியத்தில் முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் அந்நாளில் ஒவ்வொரு டாக்சி ஸ்டாண்டிலும் இருந்தார்கள்.)

இவ்வளவும் சரியாக இருந்தால் தண்ணீரை விட்டு நெருப்புப் பக்கம் போவார். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்த காலம் அது. எஞ்சின் தட்டும், தட்டுகிறதே என்று யாராவது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். தாமதமாக எரிந்தால் சூடு வேலையாக மாறாமல் ஹெட்டிலும் புகைக்குழாயிலும் இறங்கும். பிரேக் பிடித்துக்கொண்டு உரசினாலும் எஞ்சின் சூடாகும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்ப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

நண்பரின் பேரனிடம் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டேன். நின்றால் கொதிக்கவில்லை, ஓடினால் கொதிக்கிறது, குமிழ் இல்லை, ரேடியேட்டர் புதிது. அப்படியானால் அடைப்பு எஞ்சினுக்குள்ளேயே இருக்க வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் துருவும் சுண்ணாம்பும் சேறாகி, சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் அறையின் பின்கோடியில் படிந்துகொள்ளும். ஒரு வயதான மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் டம்மி மூடியைத் தட்டி எடுக்கச் சொன்னோம். மூடி வந்தது, தண்ணீர் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகுதான் செங்கல் குழம்பு மாதிரி வழிந்தது. குழாயைத் தலைகீழாகக் கொடுத்து அரை நாள் கழுவினார்கள். புது ரேடியேட்டருக்கு அவன் கொடுத்த காசு வீண்தான். பையன் அதை என்னிடம் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

'ஏறுனா கொதிக்குதா' என்ற மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு இருபது. ஏற்றத்தில் எஞ்சின் முழு பலத்தோடு உழைக்கிறது, காற்றோ குறைவு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சேலத்தில் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1500 மீட்டர் உயர ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எங்கே அதிகம் தாங்க வேண்டுமோ அங்கே தாங்கும் சக்தி குறைகிறது.

இதற்கு விடை ரேடியேட்டர் மூடியில் இருந்தது. ஸ்பிரிங் வைத்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கும்; ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் கொதிநிலை உயரும். ஏழு பவுண்டு மூடி என்றால் பத்துப் பன்னிரண்டு டிகிரி லாபம். ஆனால் அதன் ரப்பர் வட்டு காய்ந்து வெடித்தால் மூடி வெறும் தட்டு. சமவெளியில் ஒன்றும் தெரியாது, மலையில் காட்டிக்கொடுக்கும். எத்தனையோ கார்களின் ஹெட்டைக் கழற்ற வைத்தது அந்தச் சின்ன ரப்பர். இந்த மூடி விஷயத்தில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னை சுந்தரம் பாசனர்ஸ், இங்கிலாந்தின் லிவர்பூலில் ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஓடிய மூடித் தொழிற்சாலையின் இயந்திரங்களை வாங்கி இங்கே கொண்டுவந்து நிறுவி, அந்த அமெரிக்கக் கம்பெனிக்கே மூடி செய்து அனுப்பத் தொடங்கியது.

தெர்மோஸ்டாட் கதை வேறு. "இது குளிர் தேசத்துக்காரன் வெச்சது, நமக்கு எதுக்கு" என்று கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கும் அந்தக் கதவை எடுத்துவிட்டால் எஞ்சின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடும், சிலிண்டர் தேயும். அதைவிட, அடைத்த ரேடியேட்டர் கொஞ்ச நாளைக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும். நோய் தெரியும்போது தொப்பூர்க் கணவாயில் நிற்போம். சந்தேகம் இருந்தால் அதை நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தால் போதும், திறந்தால் நல்லது.

ஈரத்துணி வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் டீ குடிக்க நிறுத்திய கார் மறுபடி கிளம்பாது. முள் சிவப்பில் இருக்காது. பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் தோள் துண்டை நனைத்துப் பம்பின் மேல் போடுவார், பத்து நிமிடத்தில் கிளம்பும். இதுவும் 'ஹீட்' என்ற பெயரில் ஒன்றாகச் சொல்லப்பட்டதால், இதற்காக ரேடியேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மின்சார விசிறி, தானாக ஓடித் தானாக நிற்கும். தண்ணீர் வெளியேறாமல் பக்கத்துப் புட்டியில் போய்த் திரும்பி வரும். பெல்ட் பார்த்துப் பழகிய கைகளுக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம்: நின்றால் கொதிக்கிறது என்றால் இப்போது விசிறியின் மோட்டாரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். அதோடு கூலண்ட் என்ற நிறத் தண்ணீர் வந்தது. "இங்க பனியா உறையுது, இது எதுக்கு" என்று பலர் குழாய்த் தண்ணீரையே ஊற்றினார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு குணம் மட்டும்தான். சரிபாதி கலந்தால் கொதிநிலையை ஆறேழு டிகிரி ஏற்றும், துருவையும் தடுக்கும். ஆனால் கலப்பது சுத்திகரித்த தண்ணீராக இருக்க வேண்டும். நம் ஆழ்துளைத் தண்ணீரில் கலந்தால் சுண்ணாம்பு சுண்ணாம்புதான்.

இன்றைய ரேடியேட்டர் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். ஊதுவிளக்கால் கழற்ற முடியாது, ஈயம் ஒட்டாது, கெட்டால் மாற்றுவதுதான். பட்டை விட்டு அடைப்பு எடுத்த கடைகளில் பல இப்போது புது ரேடியேட்டர் விற்கின்றன. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், கழற்றிய செம்பு ரேடியேட்டரைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பட்டை விடத் தெரிந்த கை சங்ககிரிப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு இருக்கிறது. சலவைச் சோடா கரைத்து ஊற்றிக் கழுவும் பழைய முறையை அம்பாசடருக்குச் செய்யலாம். பியட்டுக்கு வேண்டாம், அது அலுமினிய ஹெட்டை அரித்துவிடும்.